கிணற்று நீரும் ஆராய்ச்சியின் கடனும்

மதவாச்சியிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கு நோக்கி வருகிற ஒருவர், வவுனியா நகரைக் கடந்து, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில் ஓமந்தையை அடையும்போது, வழிநெடுகத் தாம் கண்டுவந்த நிலத்தின் இயல்பில் குறிப்பிடத்தக்க பேதம் எதனையும் காணமாட்டார். செம்மை கலந்த அதே கபில நிற மண்; பாலையும் முதிரையும் ஓங்கிய அதே காடு; குளக்கட்டும், அதன்கீழ் விரிந்த வயலும், வளவுக்குள் கிணறுமாக அமைந்த அதே குடியிருப்பு முறை; மாரியில் கொட்டிக் கோடையில் ஓய்ந்துவிடும் அதே மழை; பூமிக்கு அடியிலோ, புவிச்சரிதவியலாளர் வன்னித் தொகுதி என்று பெயரிட்டு வழங்கும் அதே பழம்பாறை. ஆகவே, அந்த வீதியின் தென்பகுதியில் முப்பது ஆண்டுகளாகக் கமக்காரக் குடும்பங்களை வருத்திவரும் ஒரு நோய், வடபகுதிக்கு வராமல் தயங்கி நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு இயற்கையில் ஆதாரம் எதுவும் இல்லை, அது நின்றுவிடவுமில்லை. இனங்காணப்படாத காரணத்தினாலான நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சுகாதாரத் துறையினர் வழங்கும் அந்நோய் பரவியுள்ள மாவட்டங்களின் வரிசையில் வவுனியாவும் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வைத்தியம், மனிதரின் சுகாதாரப் பழக்கவழக்கம், பௌதிக விஞ்ஞானம் என்னும் மூன்று துறைகளிலும் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் அண்மைக்காலத்தில் மேற்கொண்ட ஆராய்ச்சிகளுள், எங்கள் சீவியத்தை இத்துணை நெருங்கித் தொடுவது வேறொன்றில்லை என்பது என் அபிப்பிராயம். அந்த ஆராய்ச்சி எங்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

நோயின் சுபாவத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் ஒன்று அல்லது இரண்டு லீற்றரை மாத்திரம் சிறுநீராக வெளியேற்றி, மீதியனைத்தையும் நுண்ணிய குழாய்களின் வழியே மீண்டும் இரத்தத்துக்கே சேர்ப்பிக்கின்றன. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விதத்தை வைத்திய உலகம் நெடுங்காலமாக அறியும். ஆனால் 1990களில் அனுராதபுரம் முதலிய உலர்வலய மாவட்டங்களின் வைத்தியர்கள் கண்ட நோயாளர்களிடம் அவ்விரண்டும் இருக்கவில்லை. அவர்கள் பெரும்பாலும் வயலில் பாடுபட்டு உழைக்கும் நடுத்தர வயதினர். அவர்களுடைய சிறுநீரகத் திசுவை எடுத்துப் பரிசோதித்தபோது, வடிகட்டும் முடிச்சுகளைவிட அந்த நுண்குழாய்களும் அவற்றைச் சூழ்ந்த திசுவுமே முதலில் சிதைந்திருந்தன. இந்தச் சிதைவு நோவைத் தருவதில்லை; ஆரம்பத்தில் உடம்பு வீங்குவதுமில்லை; இரத்தத்தில் கிரியட்டினின் அளவு உயர்ந்து வைத்தியரின் கண்ணில் படுவதற்குள் சிறுநீரகத்தின் வலுவில் ஏறக்குறைய அரைவாசி போய்விடும். தனக்கு ஒரு வருத்தமும் இல்லையென்று மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போகிற கமக்காரன் பொய் சொல்லவில்லை. அவனுடைய சரீரம் அவனுக்கு அறிவிக்காததை அவன் எவ்வாறு அறிவான்? அறிய வருகிற காலத்தில் மிஞ்சியிருப்பது டயலிசிஸ் இயந்திரமும், வாரத்தில் இரண்டு மூன்று முறை பஸ்ஸேறிப் பெரிய வைத்தியசாலைக்குப் போய்வரும் பிரயாணமுமே. சீன அரசாங்கத்தின் உதவியுடன் பொலன்னறுவையில் கட்டப்பெற்று 2021இல் திறக்கப்பட்ட சிறுநீரக விசேட வைத்தியசாலை பெருமைக்குரியதுதான். ஆனால் குடும்பத்தில் உழைப்பவன் படுத்துவிட்டால் அந்தப் பிரயாணத்துக்கான பணமே வீட்டில் இராது என்பதை எங்கள் பகுதியார் எவரும் அறிவர்.

உலக சுகாதார ஸ்தாபனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் கூட்டாக நடத்தி, 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வு அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களில் நடைபெற்றது. ஆண்களில் நூற்றுக்கு 12.9 பேரிடமும் பெண்களில் நூற்றுக்கு 16.9 பேரிடமும் நோயின் அடையாளம் காணப்பட்டதாகவும், முற்றிய நிலைகள் ஆண்களிடமே அதிகமாக இருந்ததாகவும் அது தெரிவித்தது. அந்த மூன்று மாவட்டங்களுள் வடக்கு மாகாணத்தைச் சேர்ந்தது ஒன்றும் இல்லை. நோய் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட காலத்தில் எங்கள் பக்கம் யுத்த பூமியாக இருந்தது. 2002இல் பாதை திறந்தபோதும் ஓமந்தையில் ஒரு சோதனைச்சாவடி நின்றது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளை இறக்கி ஏற்றிக் கடந்த அந்த எல்லைக்கு அப்பால், கிணறு கிணறாக நீரெடுத்துச் சோதிப்பதற்கும் வீடு வீடாக இரத்தம் எடுப்பதற்கும் அக்காலம் இடம் கொடுக்கவில்லை. 2009இல் யுத்தம் முடிந்து, முகாம்களிலிருந்து மீண்ட குடும்பங்கள் பாழடைந்த கிணறுகளை இறைத்துக் குடியேறின. வரைபடத்தில் ஓரிடம் வெறுமையாக இருப்பின், அங்கே நோய் இல்லை என்று அர்த்தம் கொள்ளலாகாது. அங்கே எவரும் தேடவில்லை என்றே கொள்ளவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் வவுனியாவையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர் பின்னர் இம்மாவட்டத்தின் நீரையும் நோயாளரையும் ஆராய முற்பட்டது நன்றிக்குரியது. ஆயினும் தெற்கில் முப்பது ஆண்டுகளில் திரண்ட அறிவுக்கு இணையாக வடக்கில் திரளுவதற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

பௌதிக விஞ்ஞானம் இவ்விஷயத்தில் சொல்லியிருப்பது ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவிச்சரிதவியற் பேராசிரியர்களான சீ. பி. திசாநாயக்க, ரோகன சந்திரஜித் ஆகியோரும் அவர்களுடைய மாணாக்கரும் பல ஆண்டுகள் முயன்று இலங்கையின் நிலத்தடி நீரை ஆராய்ந்துள்ளனர். கருமைக்கா முதலிய கனியங்களைக் கொண்ட பழம்பாறை வெயிலாலும் நீராலும் மெல்லச் சிதையும்போது அதிலிருக்கும் புளோரைட்டு நீரில் கரைகிறது. ஈரவலயத்தில் இடைவிடாத மழை அதனைக் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. உலர்வலயத்திலோ, பாறைப் பிளவுகளில் தங்கி நிற்கும் நீர் நெடுங்காலம் பாறையோடு பழகுகிறது. கோடையின் வெப்பம் நீரை ஆவியாக்கி உப்புகளைப் பின்னே விட்டுச் செல்கிறது. கல்சியமும் மகனீசியமும் அவ்வாறே சேர்ந்து, பாடப்புத்தகம் வன்னீர் என்றும் எங்கள் ஊரார் கல்சியத் தண்ணி என்றும் சொல்லும் நீர் உண்டாகிறது. ஒரு லீற்றர் நீரில் 1.5 மில்லிகிராம் புளோரைட்டுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை. வெப்பதேசத்தார் மிகுதியாக நீர் அருந்துவர். ஆதலால் அவர்களுடைய சரீரத்தில் சேரும் அளவும் மிகும். இலங்கையின் தரநிர்ணயம் அந்த எல்லையை 1 மில்லிகிராமாகக் குறைத்து வைத்திருப்பது நியாயமே. எல்லை மீறிய நீரைச் சிறுவயதிலிருந்து குடித்த பிள்ளைகளின் பற்களில் மஞ்சளும் கபிலமுமாகக் கறை படிவதை உலர்வலயத்துப் பாடசாலைகளில் எவரும் காணலாம்; அதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை.

பற்களைக் கறைப்படுத்தும் புளோரைட்டு, மகனீசியம் மிகுந்த வன்னீரோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் நாளடைவில் சிதைக்கக்கூடும் என்பது பேராதனை ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகளாக முன்வைத்துவரும் அனுமானம். நோய் மிகுந்த ஒரே பிரதேசத்தில், இயற்கை ஊற்றுகளின் நீரைக் குடித்த குடும்பங்கள் பெரும்பாலும் தப்பியிருக்க, நிலத்தடிக் கிணறுகளை நம்பிய குடும்பங்கள் நோயுற்றமை அவ்வனுமானத்துக்கு வலுவூட்டுகிறது. அனுமானம் வேறு, நிரூபணம் வேறு என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். இவ்விடத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு ஒரு பெரிய சாட்சியாக நிற்கிறது. சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த அந்தப் பூமியின் நீரும் வன்னீரே. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் அங்கே இட்ட இரசாயன உரத்துக்கும் தெளித்த மருந்துக்கும் அளவில்லை. நைத்திரேற்று மிகுந்த கிணறுகள் அங்கே பல. ஆயினும் இந்த நோய் அங்கே இத்தகைய பரவலோடு காணப்படவில்லை. வன்னீர் மட்டுமே காரணமென்றால் யாழ்ப்பாணம் முதலில் வீழ்ந்திருக்க வேண்டும். கமத்தொழில் இரசாயனம் மட்டுமே காரணமென்றாலும் அவ்வாறே. ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போர் அனைவரும் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது.

இக்கேள்விக்குப் பதில் தேடாமல் அரசாங்கம் அவசரப்பட்டதன் பயனை நாடு அனுபவித்துவிட்டது. கிளைபோசேட் என்னும் களைநாசினி வன்னீரோடும் உலோகங்களோடும் கூடிச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்ற கருத்து 2014இல் வெளியானது. அது ஒரு கருதுகோள். 2015இல் அக்களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் தளர்த்தப்பட்டது. 2022இல் தடை முழுவதும் நீக்கப்பட்டது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியபோது சொல்லப்பட்ட காரணங்களுள்ளும் சிறுநீரக நோய் ஒன்று. அந்தக் காலபோகத்தில் வன்னிக் கமக்காரர் அடைந்த நட்டத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. நஞ்சுக்காக வாதாடுவது என் நோக்கமன்று. முகத்தை மூடாமல் வெறுங்காலோடு மருந்தடிக்கும் வழக்கம் இன்றே ஒழியவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் களைநாசினியைத் தடுத்துவிட்டோம், இனி நோய் ஒழியும் என்று ஜனங்களை நம்பவைத்தபோது, ஏழு ஆண்டுகள் கிணற்றையும் வெயிலையும் கவனிக்காமல் விடுவதற்கு ஒரு சமாதானம் கிடைத்துவிட்டது. அதுவே என் மனக்குறை.

காரணம் தேடுவோருக்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதற்கு ஐரோப்பாவில் ஓர் உண்மைக் கதை உண்டு. பல்கேரியாவிலும் யூகோஸ்லாவியாவிலும் டான்யூப் நதியின் கிளையாறுகளை அண்டிய சில கிராமங்களில், இதே விதமாகக் கமக்காரரின் சிறுநீரகங்கள் ஓசையின்றிச் சுருங்கிப் போவதை 1950களில் வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள். கிணற்று நீரைச் சந்தேகித்தார்கள், ஈயத்தைச் சந்தேகித்தார்கள், தானியத்தில் பூக்கும் பூஞ்சணத்தின் நஞ்சைச் சந்தேகித்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி இருந்தது. வயலில் கோதுமையோடு முளைக்கும் ஒரு களைச்செடியின்மேல் ஒருவர் 1960களின் இறுதியிலேயே ஐயம் கொண்டிருந்தார். அதற்கு அன்று பெரிதாகச் செவிசாய்த்தவர் இல்லை. பின்னர் 1993இல், அந்தக் கிராமங்களோடு எவ்விதச் சம்பந்தமுமில்லாத பிரசல்ஸ் மாநகரில், உடல் மெலிவதற்காக மூலிகைக் குளிகை உட்கொண்ட பெண்கள் பலருடைய சிறுநீரகங்கள் செயலிழந்த செய்தி வெளிவந்தது. குளிகையில் கலந்திருந்தது அரிஸ்டொலோக்கியா என்னும் இனத்துத் தாவரம். அப்பெண்களின் சிறுநீரகத் திசுவோ டான்யூப் கரைக் கமக்காரரின் திசுவை அப்படியே ஒத்திருந்தது. அதே இனத்துச் செடிதான் அந்தக் கோதுமை வயல்களின் களை. அதன் விதை அறுவடையில் தானியத்தோடு கலந்து, மாவாகி, ரொட்டியாகி, தலைமுறை தலைமுறையாக உடம்பில் ஏறியிருந்தது. நோயாளரின் டி.என்.ஏ.யில் அந்த நஞ்சு விட்டுச்சென்ற சுவட்டை இரசாயன முறையால் கண்டு 2007இல் நிரூபித்தார்கள். அரை நூற்றாண்டாக நீரில் தேடியவர்களில் பலர் ரொட்டியை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

எங்கள் ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. நாட்டு வைத்தியத்தில் அவற்றின் உபயோகத்தை ஒழுங்குபடுத்த வேண்டுமென்று முற்சொன்ன 2013ஆம் ஆண்டு ஆய்வும் ஆலோசனை கூறியது. எங்கள் நோய்க்கு அவைதாம் காரணமென்று இதனால் சொல்ல வரவில்லை. சுதேச வைத்தியர்கள் அறிந்திருக்க வேண்டிய எச்சரிக்கை என்பதனால் சொல்லிவைத்தேன். நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. வைத்தியரும், இரசாயனவியலாளரும், கிராமத்தில் என்ன சமைக்கிறார்கள், எதைக் குடிக்கிறார்கள், வயலில் என்ன முளைக்கிறது என்று உடனிருந்து பார்த்தவரும் ஆகிய மூவர் கண்டதும் ஒன்றுசேர்ந்த பின்னரே அந்த மர்மம் விலகிற்று.

மூன்றாமவர் பார்க்கவேண்டிய விஷயத்துக்கு, அதாவது பழக்கவழக்கத்துக்கு, இப்பொழுது வருகிறேன். எங்கள் ஆராய்ச்சியில் மிகவும் மெலிந்திருக்கும் பகுதி இதுவே. மத்திய அமெரிக்காவில், எல் சல்வடோரிலும் நிக்கராகுவாவிலும், கரும்பு வெட்டும் தொழிலாளரிடம் இதனை ஒத்த சிறுநீரக நோய் பரவியுள்ளது. அங்கே ஆராய்ச்சியாளர் பெரிதும் சந்தேகிப்பது வெப்பத்தை. கடும் வெயிலில் கடும் வேலை செய்யும் உடம்பு வியர்வையால் நீரை இழக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை உலராது, உடம்பும் குளிராது. நாள்தோறும் நீர் வற்றி நாள்தோறும் சிறுநீரகம் சிறிது புண்படுகிறது. ஆகவே நிழலிலிருந்து பார்க்கும் வெப்பமானியின் அளவு போதாது. ஈரத்துணி சுற்றிய ஒரு மானியும் கறுத்த கோளத்துக்குள் வைத்த ஒரு மானியும் சேர்த்து, வெயிலும் ஈரமும் காற்றும் உடம்பின்மேல் சுமத்தும் பாரத்தை அளக்கும் முறையைப் பௌதிக விஞ்ஞானிகள் வகுத்துள்ளனர். நிக்கராகுவாவின் கரும்புத் தோட்டங்களில் அவ்வளவீட்டை வைத்துக்கொண்டு ஓய்வும் நிழலும் நீரும் ஒழுங்காகக் கொடுத்தபோது, தொழிலாளரின் சிறுநீரகங்களுக்கு நேரும் கேடு குறைந்தது என்று கண்டார்கள். தமிழ்நாட்டில் உப்பளத் தொழிலாளரிடையேயும் வெப்பத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள சம்பந்தம் ஆராயப்பட்டு வருகிறது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில் எங்கள் நோயைப் போன்றதொன்று எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது.

இப்பொழுது ஓமந்தையின் ஒரு கமக்காரனை எண்ணிப் பாருங்கள். சிறுபோகத்து வெயிலில் நிற்கும் அவனிடம் வெப்பத்தை ஆராய்ந்தவர் வந்து, நிறையத் தண்ணீர் குடி என்கிறார். பாறையை ஆராய்ந்தவர் வந்து, அந்தத் தண்ணீரை நம்பாதே என்கிறார். இருவர் சொல்வதும் அவரவர் சாத்திரத்தின்படி சரியே. ஆனால் இருவரும் ஒரே நாளில் ஒரே வரம்பில் வந்து நின்று, அவன் எதைக் குடிக்கவேண்டும், எவ்வளவு குடிக்கவேண்டும், எங்கிருந்து கொண்டுவரவேண்டும் என்பதை ஒருங்கே சொல்வதில்லை. சொல்வாரில்லாதபோது அவன் தன் வழக்கப்படி செய்கிறான்: விடியலில் ஒரு தேத்தண்ணீர், வாயில் வெற்றிலை, தாகம் முற்றிய பின்னர் வயற்கிணற்றில் ஒரு வாய் நீர். பெண்களின் நிலைமை இதனினும் கடினம். நாற்று நடவும் களை பிடுங்கவும் போகிற பெண்கள், வெட்டவெளியில் ஒதுங்குவதற்கு இடமில்லையென்று, வேண்டுமென்றே நீர் குடியாமல் பகல் முழுவதும் இருந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அறியாமையால் அவர்கள் அவ்வாறு செய்வதில்லை. மானத்தைக் காப்பதற்குச் செய்கிறார்கள். தண்ணீர் குடியுங்கள் என்று துண்டுப்பிரசுரம் அச்சிடுவதைவிட, வயற்பரப்புக்கு அண்மையில் ஒரு மலசலகூடம் கட்டுவது அப்பெண்களின் சிறுநீரகத்துக்குச் செய்யும் பெரிய வைத்தியமாகலாம். இதனைக் கண்டு சொல்வதற்குச் சமூகவியல் பயின்றவர் வயலுக்கு வரவேண்டும். வினாப்பத்திரத்தை வீட்டுத் திண்ணையில் வைத்து நிரப்பிக்கொண்டு திரும்பினால் அகப்படாது.

நீரைப் பற்றிய நம்பிக்கைகளும் அவ்வாறே. கொதித்தாறிய நீரைக் குடிப்பது நல்ல வழக்கம். அது கிருமியைக் கொல்லும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் கல்சியத்தைப் பார்த்து, கெட்டதெல்லாம் அடியில் நின்றுவிட்டது, மேலே உள்ளது தூய நீர் என்று தாய்மார் நம்புவதும் இயல்பே. கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டு தெரியாததை அனுமானிக்கிறார்கள். ஆனால் புளோரைட்டு கொதிப்பதனால் நீங்குவதில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு சிறிது கூடவே செய்யும். நீரை அழுத்தத்தோடு நுண்சவ்வின் வழியே செலுத்தி உப்புகளைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. இயந்திரங்கள் இப்பொழுது உலர்வலயக் கிராமங்கள் பலவற்றில் வந்துவிட்டன. அவை பெரும் உபகாரம் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த நீருக்கு லீற்றர்க் கணக்கில் காசு. வீட்டில் பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்த கலன் வயலுக்குப் போவதில்லை. சவ்வைக் காலத்தில் மாற்றாவிட்டால் இயந்திரத்தின் நீரும் கிணற்று நீராகிவிடும். பிரிந்து வெளியேறும் செறிந்த கழிவுநீர் அண்டையிலுள்ள மண்ணிலேயே விடப்படுமாயின் அது மீண்டும் நிலத்தடிக்கே போகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை வானம் இலவசமாகத் தருகிற நீரில் புளோரைட்டு இல்லை, கல்சியமும் இல்லை. ஓட்டுக்கூரையிலிருந்து பீலி வைத்து, மூடிய தாங்கியில் சேமித்து, முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டுவிட்டால், குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கோடையில் நெடுங்காலம் தாங்கும். குளங்கள் கட்டி மழையைத் தேக்கிய முன்னோரின் சந்ததிக்கு வீட்டு முற்றத்தில் ஒரு தாங்கி கட்டுவது அரிய காரியமன்று. அரசாங்கத்தின் கவனம் இயந்திரத்துக்குச் செல்வதில் காற்பங்கேனும் இதற்குத் திரும்பவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கடன் என்று தொடக்கத்தில் சொன்னேன். ஆராய்ச்சியாளர் கிராமத்துக்கு வரும்போது கிராம அலுவலரும் குடும்பநல மாதுவும் முன்னே வர, ஜனங்கள் நம்பிக்கையோடு கைநீட்டி இரத்தம் கொடுக்கிறார்கள், சிறுநீர் கொடுக்கிறார்கள், கிணற்றில் வாளி விட்டு நீர் மொண்டு கொடுக்கிறார்கள், தாங்கள் உண்பதையும் குடிப்பதையும், மறைக்க விரும்பும் பழக்கங்களையும்கூட ஒளியாமல் சொல்கிறார்கள். கொடுத்தவர்களுக்குத் திரும்பிவருவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. பெறுபேறு ஆங்கிலச் சஞ்சிகையில் வெளியாகிறது. அதனால் ஒருவருக்குப் பட்டமும் பதவியும் கிடைக்கின்றன. தன் கிணறு நல்லதா கெட்டதா என்பது கிணற்றுக்காரிக்குத் தெரியாது. சிரமப்பட்டு வந்து அறிவித்த நல்ல ஆராய்ச்சியாளரும் உண்டு, அவர்களை வணங்குகிறேன். ஆனால் அது தனிமனிதரின் தருமசிந்தையாக இருக்கிறதேயன்றி, ஆராய்ச்சியின் கட்டாயமான அங்கமாக இல்லை. ஆராய்ச்சிக்கு அனுமதி வழங்கும் ஒழுக்கநெறிக் குழுக்கள், பெறுபேற்றைக் குடும்பத்துக்குத் தமிழில், அல்லது சிங்களக் கிராமமாயின் சிங்களத்தில், எழுத்தில் கொடுக்காத ஆய்வை முற்றுப்பெற்றதாகக் கொள்ளலாகாது. பதவியாவிலும் வெலிஓயாவிலும் உள்ள சிங்களக் கமக்காரனுக்கும் இதே கடன் நிலுவையில் நிற்கிறது.

தமிழில் இதனைச் சொல்ல இயலாது என்று ஒருவரும் சொல்லவேண்டாம். மானிப்பாயில் 1848 முதல் வைத்தியப் பணி புரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், ஆங்கிலத்தில் பயின்ற மாணாக்கர் கிராமங்களை விட்டு உத்தியோகம் தேடிப் போய்விடுவதைக் கண்டு, 1860களில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். சரீர சாத்திரம் முதல் இரண வைத்தியம் வரை நூல்களைத் தமிழாக்கி அச்சிடுவித்தார். அந்நிய தேசத்திலிருந்து வந்த ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் செய்த காரியத்தை, தமிழ் மாணவர் பயிலும் பல்கலைக்கழகங்கள் இரண்டு இன்று வடக்கில் இருக்க, செய்யமுடியாதென்று விட்டுவிடலாமா?

1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகம். அதற்குப் பிரயோக விஞ்ஞான பீடமும் தொழினுட்பவியற் கற்கைகள் பீடமும் உண்டு. வைத்திய பீடம் இல்லை. வைத்திய பீடம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. இம்மூன்று இடங்களும் ஏ-9 வீதியால் இணைக்கப்பட்டவை; நடுவே கிடப்பது வன்னி. இரசாயனவியலாளர் கிணற்றை அளக்கவும், வைத்தியர் அதே வீட்டாரின் கிரியட்டினினை ஆண்டுதோறும் பார்க்கவும், விவசாய பீடத்தார் அதே வயலில் வெப்பத்தின் பாரத்தை அளக்கவும், சமூகவியலாளர் அதே குடும்பத்தோடு ஒரு போகம் முழுவதும் உடனிருக்கவும், பத்து ஆண்டுகள் ஒரே கிராமங்களைப் பின்தொடரும் ஆய்வொன்று வேண்டும். ஒருநாள் வந்து மாதிரி எடுத்துப்போகும் ஆய்வு நூறு நடந்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. ஏனெனில் சுகமாயிருந்தவன் எப்பொழுது, எந்தக் கோடையில், எந்தக் கிணற்றைக் குடித்து நோயாளியானான் என்பதை அதுவே காட்டும்.

அதற்குப் பணம் வரும்வரை காத்திராமல் பாடசாலைகளில் தொடங்கலாம். ஓமந்தையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பிள்ளைகள் நீர் குடிக்கும் பாடசாலைக் கிணறுகளை, மாரிக்கு முன் ஒருமுறையும் மாரி ஓய்ந்தபின் ஒருமுறையும் சோதிக்க வேண்டும். பருவத்தோடு நீரின் செறிவு மாறுவதனால் ஒருமுறைச் சோதனையை நம்பலாகாது. உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கற்கும் மாணவர் அந்த வேலையில் பல்கலைக்கழகத்தாரோடு கூடி நிற்கலாம். புளோரைட்டு இவ்வளவு, வன்மை இவ்வளவு, குடிக்கத் தகும் அல்லது தகாது, தகாதெனில் மாற்று நீர் இன்ன இடத்தில் கிடைக்கும் என்று பெறுபேற்றைப் பாடசாலை மதிலில் தமிழில் எழுதிவைக்கும் பொறுப்பைப் பம்பைமடுவிலுள்ளோர் ஏற்பார்களாயின், பின்னர் வீடு வீடாகச் செல்லும் பெரிய ஆய்வுக்கு வேண்டிய நம்பிக்கையும், கூட நடந்து வழிகாட்டும் ஊர்ப்பிள்ளைகளும் அங்கிருந்தே கிடைத்துவிடும்.